வெண்ணிரவு நகரத்தில் தந்தையாரின் திதி

ஆனி மாதத் தேய்பிறை தசமி என் தந்தையாரின் திதி. அவர் காலமானதிலிருந்து ஓர் ஆண்டும் அது தவறியதில்லை. ஊரில் இருந்தாலும், பணியிடம் மாறி வேற்றூரில் இருந்தாலும், அந்நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு செய்து முடித்துவிடுவேன். அப்படிப்பட்ட தசமியும், என் தங்கையின் மகள் ரஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மருத்துவப் பட்டம் பெறும் நாளும் ஒரே தேதியில் வந்து நின்றன.

தங்கை கணவரை இழந்தவள். பெண்ணுக்குத் தாய்மாமன் நான் ஒருவனே. ஆறாண்டுப் படிப்பின் முதலாண்டுக் கட்டணத்தை என் தந்தையார்தாம் தம் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து கட்டினார். "பட்டம் வாங்கும் அன்றைக்கு நான் அங்கே வந்து உட்கார்ந்திருப்பேன்" என்று பேத்தியிடம் சொல்லியும் வைத்திருந்தார். அவள் இரண்டாம் ஆண்டை முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். எனவே போகாமல் இருப்பதும் அவருக்குச் செய்யும் குறை. திதியை விடுவதும் அவருக்குச் செய்யும் குறை. உறவினர் சிலர், "கடல் கடந்து போய்ச் செய்யும் கர்மம் கணக்கில் சேருமா?" என்றும் கேட்டனர்.

எங்கள் குடும்ப சாஸ்திரிகளிடம் சென்றேன். எண்பதை நெருங்கும் பெரியவர். அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஊரில் சூரியன் எப்போது உதிக்கிறான், எப்போது மறைகிறான்?" என்பதே. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்தக் கேள்விதான். இன்று நம் கோயில் வீதிகளில் வசிக்கும் குடும்பங்களில் ஏறத்தாழ வீட்டுக்கு ஒரு பிள்ளை அயல்நாட்டில் இருக்கிறது. அவர்களைக் காணச் செல்லும் பெரியவர்களுக்கு என் அனுபவம் பயன்படக்கூடும்.

சூரியனைக் கொண்டு போடும் கணக்கு

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பூமியின் வடபகுதியில், ஏறத்தாழ 60 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாத இறுதியில் அங்கே சூரியன் அதிகாலை 3.40 மணியளவில் உதித்து, இரவு 10.20 மணிக்கு மேல்தான் மறைகிறது. மறைந்த பிறகும் முழு இருள் வருவதில்லை. அந்தி வெளிச்சமே விடியல் வெளிச்சமாக மாறிவிடும். இதனை அம்மக்கள் 'வெண்ணிரவுகள்' என்று அழைத்துக் கொண்டாடுகிறார்கள். டிசம்பரில் நிலைமை நேர்மாறு. பகற்பொழுது ஆறு மணி நேரம்கூட நீடிப்பதில்லை.

நம் சாஸ்திரங்களில் கடிகாரத்திற்கு இடமில்லை. பகலின் அளவுக்கே இடம். பகலை ஐந்தாகப் பகுத்தால் நான்காம் பகுதி அபராண்ணம். சிராத்தத்திற்கு உரிய காலம் அதுவே. நம் ஊரில் ஆனி மாதத்தில் அது பிற்பகல் ஒன்றரை மணியளவில் தொடங்கி நான்கு மணியளவில் முடியும். அந்த நகரிலோ பகலே 18 மணி 40 நிமிடம். ஒரு பகுதிக்கு 3 மணி 44 நிமிடம். ஆகவே அபராண்ணம் பிற்பகல் 2.50 அளவில் தொடங்கி மாலை 6.35 வரை நீடிக்கிறது.

இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது. திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறிப்பது. அது தொடங்கும் கணமும் முடியும் கணமும் உலகம் முழுவதற்கும் ஒன்றே. கடிகாரங்கள் காட்டும் மணிதான் வேறுபடும். ரஷ்யாவின் அப்பகுதி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அந்த ஆண்டு நம் ஊர்ப் பஞ்சாங்கப்படி தசமி முதல் நாள் மாலை 4.30 மணிக்குத் தொடங்கி, மறுநாள் பிற்பகல் 3.15 மணி வரை இருந்தது. அதனால் இங்கே மறுநாள்தான் திதி. அதே தசமி அந்த நகரின் நேரப்படி முதல் நாள் பிற்பகல் 2 மணிக்கே தொடங்கி, மறுநாள் பகல் 12.45 மணிக்கு முடிந்துவிடுகிறது. அங்கே அபராண்ணம் முழுவதும் தசமி நிற்பது முதல் நாளில்தான். மறுநாள் அபராண்ணம் தொடங்குமுன் தசமியே போய்விடுகிறது.

சாஸ்திரிகள் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "உன் தகப்பனார் உனக்கு வழிவிட்டிருக்கிறார். அந்த ஊரில் திதி முதல் நாள். பட்டமளிப்பு மறுநாள். இரண்டையும் செய்." எனக்கு அங்கேயே கண்கள் கலங்கின.

அவர் மேலும் சில வழிகள் சொன்னார். அன்னமாகச் செய்ய இயலாத இடத்தில் எள்ளும் நீருமாகத் தர்ப்பணம் செய்யலாம். பயிர்ப் பொருள்களை எல்லை தாண்டி எடுத்துச் செல்லக் கட்டுப்பாடுகள் உண்டாகையால் தர்ப்பைப் பவித்திரத்திற்குப் பதிலாகப் பொன் மோதிரம் போதும். சங்கற்பத்தில் நாம் நிற்கும் தேசத்தையும் காலத்தையும் சொல்ல வேண்டும் என்பதால், எந்த ஆற்றின் கரை என்று கேட்டு, 'நேவா' என்ற பெயரைச் சேர்த்து ஒரு தாளில் எழுதித் தந்தார். ஊர் திரும்பியதும் அன்னதானம் செய்யச் சொன்னார். "சிரத்தை இருப்பதால்தான் அதற்குச் சிராத்தம் என்று பெயர்" என்பது அவருடைய முடிவுரை.

அன்றாட நியமங்களுக்கும் இதே கணக்குத்தான். ராகு காலம் என்பது பகலின் எட்டில் ஒரு பங்கு. நம் ஊரில் திங்கட்கிழமை 7.30 முதல் 9 மணி வரை என்று மனப்பாடமாகச் சொல்கிறோம். அங்கே ஜூன் இறுதியில் ஒரு பங்கு 2 மணி 20 நிமிடம். திங்கட்கிழமை ராகு காலம் காலை 6 மணி முதல் 8.20 வரை. நம் ஊர் நாட்காட்டியைச் சுவரில் மாட்டிக்கொண்டு அங்கே நேரம் பார்ப்பதில் பொருளில்லை. காலைச் சந்தியை 3.40 மணிக்கு எழுந்து செய்தேன். சன்னலில் கனத்த திரை போட்டுத்தான் தூங்க முடிந்தது என்றாலும், எழுவதற்கு அலாரம் தேவைப்படவில்லை.

பணமும் பயணமும்

வங்கியில் 36 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் முதல், ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே வேலை செய்வதில்லை. கடையிலும் செல்லாது, ஏ.டி.எம். இயந்திரத்திலும் செல்லாது. தங்கும் நாள்களுக்கு வேண்டிய முழுத் தொகையையும் டாலராகவோ யூரோவாகவோ ரொக்கமாகக் கொண்டு செல்ல வேண்டும். கசங்காத, கிழியாத, எழுத்துக் கிறுக்கல் இல்லாத நோட்டுகளாகப் பார்த்து வாங்குங்கள். வங்கிக் கிளைகளில் மட்டும் ரூபிளாக மாற்றுங்கள். தெருவில் எவரேனும் அதிக விகிதம் தருவதாகச் சொன்னால் நிற்காதீர்கள். தொகையைப் பிரித்துக் கணவரிடம் பாதி, மனைவியிடம் பாதி என வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்னணு விசா கிடைக்கிறது. எத்தனை நாள் தங்கலாம் என்ற விதி அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் அன்று உள்ள நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லையில் தரும் குடிவரவுச் சீட்டைக் கடவுச்சீட்டுக்குள் வைத்துப் பத்திரப்படுத்துங்கள், திரும்பும்போது கேட்பார்கள். தங்கும் விடுதியே நம் வருகையைப் பதிவு செய்துவிடும். உறவினர் வீட்டில் தங்கினால் அப்பதிவை அவர்கள் செய்ய வேண்டும். போர்ச் சூழல் நிலவும் நாடு என்பதால், நம் தூதரகத்தின் அறிவுரையைப் பார்க்காமல் பயணச்சீட்டு எடுக்க வேண்டா. அந்த நகரிலேயே நம் நாட்டின் துணைத் தூதரகமும் இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தில்லியிலிருந்து மாஸ்கோ வரை விமானத்திலும், அங்கிருந்து 'சப்சான்' என்னும் விரைவு ரயிலிலும் சென்றோம். ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தூரத்தை நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. இவ்விரு நகரங்களையும் இணைக்கும் இருப்புப் பாதை 1851-லேயே திறக்கப்பட்டது. வழியெங்கும் வெள்ளைப் பட்டையுடைய பெர்ச் மரங்கள். விமானத்திலேயே செல்பவர்கள் புல்கோவோ விமான நிலையத்தில் இறங்கி, 39-ஆம் எண் பேருந்தில் ஏறினால் 'மஸ்கோவ்ஸ்கயா' மெட்ரோ நிலையத்தை அடையலாம்.

இந்த மெட்ரோ 1955-இல் தொடங்கப்பட்டது. ஆற்றுச் சேற்று நிலத்திற்குக் கீழே உறுதியான மண்ணைத் தேடிச் சென்றதால் உலகிலேயே மிக ஆழமான மெட்ரோக்களுள் ஒன்றாக இருக்கிறது. 'அட்மிரல்தேய்ஸ்கயா' நிலையம் 86 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைத் தலைகீழாக உள்ளே இறக்கினாலும் இன்னும் இடமிருக்கும். நகரும் படிக்கட்டில் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். கைப்பிடியை விடாதீர்கள், வலப்புறம் நில்லுங்கள், இடப்புறம் விரைவோருக்கு. சில நிலையங்களில் தண்டவாளமே கண்ணுக்குத் தெரியாது. சுவரில் கதவுகள் மட்டும் இருக்கும். ரயில் வந்து நின்றதும் அவை திறக்கும். முதன்முறை செல்பவர் லிஃப்ட் வாசலில் நிற்பதாக எண்ணிக்கொள்வார். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடங்களில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மற்றொரு முக்கியச் செய்தி பாலங்களைப் பற்றியது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, கப்பல்கள் கடப்பதற்காக நேவா ஆற்றுப் பாலங்கள் நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் இரண்டாகப் பிளந்து மேலே தூக்கப்படுகின்றன. அக்காட்சியைக் காண ஆயிரக்கணக்கானோர் கரையில் கூடுகின்றனர். வெளிச்சம் இருக்கிறதே என்று நேரத்தை மறந்து அக்கரையில் நின்றுவிட்டால், விடிகாலை வரை இக்கரைக்கு வர முடியாது. மெட்ரோவும் நள்ளிரவில் நின்றுவிடும். விடுதி எந்தக் கரையில் இருக்கிறது என்பதை முதல் நாளே தெளிந்துகொள்ளுங்கள்.

வயிற்றுக்கு வழி

சைவ உணவினர் அங்கே என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். அம்மக்களின் விரத முறையே நமக்கு வழிகாட்டுகிறது. ரஷ்ய வைதிகக் கிறித்தவர்கள் ஆண்டில் பல வாரங்கள் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை விலக்கி நோன்பு இருக்கிறார்கள். அந்த உணவுக்குப் 'போஸ்த்னயே' என்று பெயர். ஜூன் மாதத்தில் தொடங்கி ஜூலை 12 அன்று முடியும் நோன்பு ஒன்று உண்டு. நாங்கள் சென்றது அக்காலம். உணவகத்தில் 'போஸ்த்னயே' என்று கேட்டால் உடனே புரிந்துகொள்கிறார்கள். ஆனால் நோன்பின் சில நாள்களில் அவர்களுக்கு மீன் விலக்கில்லை. ஆதலால் 'பேஸ் மியாசா', 'பேஸ் ரீபி', 'பேஸ் யாய்த்ஸ்' என்னும் மூன்று சொற்றொடர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முறையே இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல் என்று பொருள். சூப் வகைகள் பெரும்பாலும் இறைச்சி நீரில் செய்யப்படுபவை, அவற்றைத் தவிர்த்துவிடலாம்.

'கிரேச்கா' என்னும் ஒருவகைக் கூலத்தின் கஞ்சி எங்கும் கிடைக்கும். கம்பரிப்பு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீட்ரூட் எல்லாம் தாராளம். கெஃபிர் என்னும் புளித்த பால் நம் மோருக்கு இணை. சோற்றில் பிசைந்து உப்பிட்டால் தயிர்சாதம் என்று மனம் ஏற்றுக்கொள்கிறது. குழாய் நீரைக் காய்ச்சாமல் பருக வேண்டா.

திருத்தலங்கள்

பீட்டர் பேரரசர் 1703-இல் நேவா ஆற்றின் முகத்துவாரச் சதுப்பில் எழுப்பிய நகரம் இது. இரு நூற்றாண்டுகள் ரஷ்யப் பேரரசின் தலைநகராக விளங்கியது. 1914-இல் பெத்ரோகிராத், 1924-இல் லெனின்கிராத் என்று பெயர் மாறி, 1991-இல் பழைய பெயருக்கே திரும்பியது. இன்று 50 லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். அருங்காட்சியகங்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். ஹெர்மிடாஜ் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, வழிபாட்டிடங்களுக்கு வருகிறேன்.

நெவ்ஸ்கி பெருவீதியில் நிற்கும் கசான் பேராலயம் 1811-இல் கட்டி முடிக்கப்பட்டது. வெளியே 96 தூண்கள் வளைந்து கைவிரித்து அழைப்பதுபோல் நிற்கின்றன. 1932-இல் இதையே மத வரலாறு, நாத்திகம் ஆகியவற்றின் அருங்காட்சியகமாக ஆக்கினார்கள். இன்று மீண்டும் வழிபாடு நடக்கிறது. கசான் அன்னையின் திருவுருவப் படத்தின் முன் மக்கள் பொறுமையாக வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் நெற்றியைப் படத்தின் மீது பதித்து, சில கணங்கள் வாய்க்குள் ஏதோ சொல்கிறார்கள். உட்கார இருக்கைகள் இல்லை. நம் சந்நிதிகளைப் போல் நின்றே வழிபட வேண்டும். பெண்கள் தலையை மறைத்துக்கொள்ள வேண்டும். தங்கை புடவைத் தலைப்பைப் போட்டுக்கொண்டாள். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். அரைக்கால் சட்டை கூடாது. கட்டணம் இல்லை.

அங்கே ஒரு வழக்கம் என் மனத்தைத் தொட்டது. உயிருடன் இருப்போருக்காக ஏற்றும் மெழுகுவத்திக்கு ஓரிடம், மறைந்தோருக்காக ஏற்றுவதற்குத் தனியாக ஒரு மேசை. மறைந்தோரின் பெயர்களைச் சிறு தாளில் எழுதிக் கொடுத்தால் பூசையின்போது படிக்கிறார்கள். ஒன்பதாம் நாளும் நாற்பதாம் நாளும் அவர்களுக்கு நினைவு நாள்கள். கோதுமையையோ அரிசியையோ வேகவைத்துத் தேனும் உலர்திராட்சையும் கலந்து, 'குத்யா' என்னும் உணவை மறைந்தோர் பொருட்டுப் படைத்து உண்கிறார்கள். பிண்டத்தை அறிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இரத்தம் சிந்திய இடத்து இரட்சகர் ஆலயம் என்பது, 1881-இல் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் குண்டுவீச்சுக்கு ஆளான இடத்தில் கட்டப்பட்டது. உட்சுவர்கள் முழுவதும் வண்ணக் கற்சில்லுகளால் ஆன திருவுருவங்கள். 7000 சதுர மீட்டருக்கும் அதிகம். ஒரு காலத்தில் இதனைக் காய்கறிக் கிடங்காகவும் பயன்படுத்தினார்கள். நெடுங்காலத் திருப்பணிக்குப் பின் 1997-இல் மீண்டும் திறக்கப்பட்டது. நம் நாட்டில் புதர் மண்டிய கோயில்கள் குடமுழுக்குக் கண்ட வரலாறுகளைப் படித்து மகிழ்பவர்கள் இதைக் கட்டாயம் காண வேண்டும்.

வசீலியெவ்ஸ்கி தீவிலுள்ள ஸ்மோலென்ஸ்க் கல்லறைத் தோட்டத்தில் புனித க்சேனியாவின் சிறு ஆலயம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அரண்மனை இசைக்குழுவில் பாடிய கணவர் திடீரென மறைந்ததும், வீட்டையும் பொருளையும் தானம் செய்துவிட்டு, கணவரின் சீருடையை அணிந்து தெருக்களில் திரிந்தார். "இறந்தது க்சேனியாதான், நான் அவரே" என்றாராம். உலகம் பித்து என்றது. அங்கே ஆலயம் கட்டப்பட்டபோது, இரவில் எவரும் அறியாமல் செங்கற்களைச் சாரத்தின் மேல் சுமந்து வைத்தார் என்பது மரபு. 1988-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். திருமணம், வேலை, பிள்ளைப்பேறு வேண்டி மக்கள் சீட்டு எழுதி வைக்கிறார்கள். நம் அவதூதர்களின் சமாதிகளில் காணும் அதே கூட்டம், அதே நம்பிக்கை.

ஸ்தாராயா தெரெவ்னியா மெட்ரோ நிலையத்திற்கு அருகே கருங்கல்லால் ஆன பௌத்தக் கோயில் ஒன்று உண்டு. அக்வான் தோர்ஜியேவ் என்னும் புரியாத் இனத்துத் துறவியின் முயற்சியால், பதின்மூன்றாம் தலாய் லாமாவின் ஆதரவோடு, 1909-க்கும் 1915-க்கும் இடையில் எழுந்தது. ஓவியர் ரோரிக்கும் வடமொழி அறிஞர் ஷெர்பாத்ஸ்கோயும் அத்திருப்பணியில் துணைநின்றனர். பனி சூழ் வடபுலத்தில், புத்தர் அமர்ந்திருக்கும் கோலம் கண்டு கைகூப்பினேன்.

வடமொழிக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பு இன்னும் பழையது. கெராசிம் லெபெதேவ் என்னும் ரஷ்ய இசைக்கலைஞர் 1785-இல் நம் சென்னைப் பட்டினத்தில் வந்து இறங்கினார். பின்னர்க் கல்கத்தா சென்று 1795-இல் வங்க மொழியில் நாடகம் நடத்தினார். தாயகம் திரும்பி, இந்நகரில் இந்திய எழுத்துகளுக்கு அச்சகம் அமைத்தார். 1817-இல் இங்கேயே மறைந்தார். போட்லிங், ரோத் ஆகிய இருவரும் தொகுத்த ஏழு பாக வடமொழிப் பேரகராதி, 1855 முதல் 1875 வரை இந்நகரின் அறிவியல் கழகத்தால் வெளியிடப்பட்டது. பீட்டர் மன்னர் 1714-இல் நிறுவிய குன்ஸ்த்காமெரா அருங்காட்சியகத்திற்கு, மெர்வார்த் தம்பதியர் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் சேகரித்த பொருள்கள் சென்று சேர்ந்தன. அவருள் கணவர் இந்நகரில் தமிழும் கற்பித்தார்.

திதி நாள்

மருமகள் தங்கியிருந்த சிறு அடுக்ககத்தில்தான் தர்ப்பணம். எள்ளுக்கு அங்கே 'குன்ஷூத்' என்று பெயர். வெள்ளை எள் எல்லாக் கடைகளிலும் இருக்கிறது. கறுப்பு எள்ளைத் தேடி அவள் இரண்டு நாள் அலைந்து, கீழ்த்திசை நாட்டுப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் வாங்கி வைத்திருந்தாள். காலையிலிருந்து நான் உண்ணவில்லை. அபராண்ணம் பிறக்கும் 2.50 மணிக்காகக் காத்திருந்தது நீண்ட காத்திருப்பே. அடுத்த அறையில் தங்கை, அப்பாவுக்குப் பிடித்த வாழைக்காய் கிடைக்காததால் உருளைக்கிழங்கை வதக்கிக்கொண்டிருந்தாள். பயற்றம்பருப்புப் பாயசம் மட்டும் ஊரில் செய்ததுபோலவே வந்தது.

தென்திசை நோக்கி அமர்ந்தேன். பித்ருக்கள் உறையும் திசை தெற்கு. நேவாக் கரையிலிருந்து பார்த்தால் நம் நாடும் தென்கிழக்கில்தான் இருக்கிறது. அந்த ஒரு நினைவே, தொலைவில் இருக்கிறோம் என்ற குறையைப் பாதி நீக்கியது. சங்கற்பத்தில் நேவாவின் பெயரைச் சொன்னபோது குரல் ஒருமுறை தடுமாறிற்று. தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என மூவர் பெயரும் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தேன். அங்கே நின்றிருந்த மருமகள், "தாத்தா வர்றேன்னு சொன்னாரே மாமா, வந்துட்டாரா?" என்று மெல்லக் கேட்டாள். "வந்திருக்கிறார் அம்மா" என்றேன். சொன்னபோது அது ஆறுதலுக்காகச் சொன்ன சொல்லாக எனக்குத் தோன்றவில்லை.

தர்ப்பணத்தின் முடிவில், தமக்கென்று நீர் வார்க்க எவரும் இல்லாதவர்களுக்காகவும் ஒருமுறை நீர் விடுகிறோம். ஆண்டுதோறும் செய்து வந்தாலும், அது யாருக்கு என்று நான் அதுவரை நின்று எண்ணியதில்லை. பட்டமளிப்பு நிறைவாக நடந்து முடிந்த மறுநாள், அதற்கு விடை கிடைத்தது.

பெயரற்றோர்க்கு

1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாள்கள் இந்நகரைப் பகைவர் முற்றுகையிட்டிருந்தனர். 1941 நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும், தொழிலாளர் அல்லாதோருக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளுக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம். பனியும் பட்டினியுமாக லட்சக்கணக்கானோர் மாண்டனர். பிஸ்கர்யோவ்ஸ்கோயே நினைவிடத்தில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சத்து 20 ஆயிரம் பொதுமக்களும் 70 ஆயிரம் வீரர்களும் துயில்கின்றனர். நீண்ட புல்மேடுகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கல், அதில் பெயரில்லை, ஆண்டு மட்டும் இருக்கிறது. இன்றும் மக்கள் அக்கற்களின் மேல் ரொட்டித் துண்டையும் மிட்டாயையும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

நகரின் நடுவே, ஐசக் பேராலயத்தை ஒட்டிய சதுக்கத்தில் தாவரவியல் அறிஞர் வவிலோவ் உருவாக்கிய விதைக் களஞ்சியம் இருக்கிறது. உலகெங்குமிருந்து சேகரித்த நெல், கோதுமை, நிலக்கடலை, உருளைக்கிழங்கு விதைகளை முற்றுகைக் காலத்திலும் அங்கிருந்த அறிஞர்கள் காத்தனர். தாமே பசியால் வாடியபோதும் அவற்றிலிருந்து ஒரு பிடியையும் எடுத்துண்ணவில்லை. அவர்களுள் பலர் மாண்டனர். நெல்வகைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த திமித்ரி இவானோவ், ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்களுக்கு நடுவே பட்டினியால் உயிர்விட்டார். வருங்காலத்து மக்களின் அன்னம் அது என்பதே அவர்கள் எண்ணம். அன்னத்தைப் பழிக்கலாகாது, வீணாக்கலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நமக்கு, இவர்கள் வாழ்வைவிடப் பெரிய விரிவுரை வேண்டுமோ?

பிஸ்கர்யோவ்ஸ்கோயே மேட்டின் முன் தங்கை தன் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து வைத்தாள். நான் பாட்டிலில் இருந்த நீரைச் சிறிது புல்லின் மேல் விட்டேன். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. அருகில் நின்ற முதிய பெண்மணி ஒருவர் எங்களைப் பார்த்துத் தலை தாழ்த்தினார்; அவர் மொழி எங்களுக்குத் தெரியாது, எங்கள் மொழி அவருக்குத் தெரியாது.

செல்லவிருப்போர் கவனத்திற்கு

பிள்ளைகளைக் காண அயல்நாடு செல்லும் பெரியவர்கள், தங்கும் நாள்களில் வரும் திதி, அமாவாசை, ஏகாதசி ஆகியவற்றை முன்கூட்டியே பட்டியலிட்டு, அந்த ஊரின் உதய, அஸ்தமன நேரத்துடன் உங்கள் குடும்பப் புரோகிதரிடம் கொடுங்கள். பிள்ளைகளே அந்நேரங்களைக் கைபேசியில் பார்த்து அனுப்பிவிடுவார்கள். சங்கற்பத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எள், தர்ப்பை போன்றவற்றைச் சுமந்து சென்று சுங்கச் சோதனையில் இடர்ப்படாமல், அங்கே கிடைப்பதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். புகை எழுந்தால் ஒலிக்கும் கருவிகள் பெரும்பாலான அடுக்ககங்களில் இருப்பதால், சாம்பிராணியையும் ஹோமத்தையும் தவிர்த்துவிடலாம். தடித்த மேலாடை, குடை, வழுக்காத காலணி, மூட்டு வலி மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு ஆகியவை கோடையிலும் தேவை.

ஊர் திரும்பியதும் சாஸ்திரிகளை வரவழைத்து அன்னதானம் செய்தோம். அவர் உணவருந்திய பின், கூறியவை அனைத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த விதை காத்தவர் பெயர் என்ன சொன்னாய்?" என்று வினவினார். சொன்னேன். மடித்து வைத்திருந்த பஞ்சாங்கத்தின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டு, "வரும் மஹாளயத்தில் இவருக்கும் ஒரு கை நீர்" என்றார்.